இருபது குதிரையும் நாற்பத்தேழு குதிரையும்

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து, ‘இனி ஒரு நல்ல வண்டி’ என்று முடிவெடுத்தவர்கள் பலரும் வந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் வட்ட விளக்கும் கண்ணீர்த்துளி டாங்கியுமாக, தாத்தா காலத்துப் புல்லட்டின் சாயலில் ஒரு 350. மறுபக்கம் தாழ்ந்து நீண்டு, காலை முன்னே நீட்டிச் சாய்ந்து உட்காரும்படி ஒரு 650 க்ரூசர். விலையில் இரண்டு லட்சம் போல வித்தியாசம். ‘பெரிய இன்ஜின் என்றால் சும்மாவா?’ என்று மனம் கேட்கும்.

சும்மா இல்லைதான். ஆனால் ஷோரூம் கையேட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு புதிர் கிடைக்கும். ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 சுமார் 20 குதிரைத்திறன் தருகிறது. அதே நிறுவனத்தின் சூப்பர் மீட்டியார் 650 சுமார் 47 தருகிறது. அதாவது இரண்டேகால் மடங்குக்கும் மேல். அப்படியானால் முன்னது 115 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பின்னது 260-ல் அல்லவா பறக்க வேண்டும்? பறப்பதில்லை. 150-ஐத் தாண்டியதும் அதற்கும் மூச்சு முட்டுகிறது. மீதிக் குதிரைகள் எங்கே போயின?

இந்தப் புதிரை அவிழ்த்தால், எந்த வண்டி யாருக்கு என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

காற்றோடு ஒரு கணக்கு

சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் போகும் பைக்குக்கு இரண்டே செலவுகள். ஒன்று, டயர் நசுங்கி உருளும்போது வீணாகும் ஆற்றல். இதை உருளல் தடை என்போம். மற்றது காற்றுத் தடை. எதிரே இருக்கும் காற்றை ஒதுக்கித் தள்ளினால்தான் வண்டி நகரும்.

உருளல் தடை சாது. வேகம் கூடினாலும் அது தள்ளும் விசை பெரிதாகக் கூடாது. காற்று அப்படியல்ல. வேகம் இரட்டித்தால் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அந்த நான்கு மடங்கு விசையை இரண்டு மடங்கு வேகத்தில் எதிர்கொள்ள வேண்டியிருப்பதால், இன்ஜின் தர வேண்டிய திறன் எட்டு மடங்காகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். கிளாசிக்கின் எடை பெட்ரோலோடு 195 கிலோ. ஓட்டுபவர் 75 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். காற்று அடிக்கவில்லை, சாலை சமம். செயினிலும் கியரிலும் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போக இன்ஜின் தர வேண்டியது ஒன்றரை முதல் இரண்டு குதிரைத்திறன்தான். 60-ல் நான்கு. 80-ல் எட்டு. 100-ல் பதினான்கு. இவை தோராயக் கணக்குகள். ஓட்டுபவரின் உடல்வாகுக்கும் சட்டை எவ்வளவு படபடக்கிறது என்பதற்கும் ஏற்ப ஒன்றிரண்டு குதிரை கூடலாம், குறையலாம். ஆனால் போக்கைப் பாருங்கள். 40-லிருந்து 60-க்குப் போக இரண்டு குதிரை கூடுதலாகப் போதும். 80-லிருந்து 100-க்கு ஆறு வேண்டும். 113-ஐ எட்டும்போது இருபது குதிரையும் தீர்ந்துபோகும்.

இதே கணக்கை 241 கிலோ எடையுள்ள சூப்பர் மீட்டியாருக்கும் போடலாம். அதிலும் ஓட்டுபவர் நிமிர்ந்தே உட்காருகிறார். காற்றுக்குத் தெரிகிற சுவர் ஏறக்குறைய அதே அகலம். எண்ணெய்க் கறை படாத பளபளப்பும் குரோமியப் பூச்சும் காற்றின் கண்ணுக்குத் தெரிவதில்லை. 47 குதிரையும் 150-க்குக் கொஞ்சம் மேலே தீர்கிறது. இரண்டேகால் மடங்குத் திறன் வாங்கித் தந்தது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம், அவ்வளவுதான். காணாமற்போன குதிரைகளைக் காற்று தின்றுவிட்டது.

மிச்சத்திறன்

ஆனால் உச்ச வேகம் யாருக்கு வேண்டும்? மோட்டார் சைக்கிளுக்கு, நான்குவழிச் சாலையிலும்கூட, மத்திய அரசு 2018-ல் வைத்த வரம்பு 80 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குத் தேவை எட்டுக் குதிரை. இரண்டு வண்டிகளிலும் அது இருக்கிறது. அப்படியானால் 650 வெறும் ஆடம்பரமா?

இங்கேதான் ஒரு புதுச் சொல் தேவைப்படுகிறது. இன்ஜினால் தர முடிந்த திறனிலிருந்து அந்த நொடியில் செலவாகும் திறனைக் கழித்தால் கிடைப்பதை மிச்சத்திறன் என்று அழைப்போம். வண்டி முடுக்கம் பெறுவது இந்த மிச்சத்திலிருந்துதான். ‘பிக்கப்’ என்று நாம் சொல்வதும் இதைத்தான்.

முன்னால் லாரி ஒன்று 60-ல் போகிறது. நீங்கள் 80-க்கு ஏறி அதை முந்த வேண்டும். ஒரு கியர் குறைத்து முறுக்கினால் கிளாசிக்கிலிருந்து 17 குதிரை போலக் கிடைக்கும். அதில் சராசரியாக ஆறு காற்றுக்கும் டயருக்கும் போய்விடும். மிச்சம் பதினொன்று. அதைக்கொண்டு 60-லிருந்து 80-ஐ எட்ட ஏறக்குறைய நான்கு நொடி ஆகும். அந்த நேரத்தில் வண்டி 70 மீட்டருக்கும் மேல் ஓடியிருக்கும். சூப்பர் மீட்டியாரில் அதே வேகத்தில் 35 குதிரை கிடைப்பதாகக் கொண்டால் மிச்சம் இருபத்தொன்பது. எடை கூடுதலாக இருந்தும் இரண்டு நொடிக்குள் வேலை முடிகிறது. ஓடிய தூரம் 35 மீட்டர் அளவு.

இப்போது பின்னால் ஒருவரை ஏற்றி, பையையும் கட்டுங்கள். 80 கிலோ கூடியது. கிளாசிக்குக்கு ஐந்து நொடியைத் தாண்டிவிடும். க்ரூசருக்கு அரை நொடிதான் கூடும்.

இன்னும் கொஞ்சம் கஷ்டத்தைக் கூட்டலாம். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் போனவர்களுக்கு அங்கே காற்றாலைகள் ஏன் அப்படி வரிசைகட்டி நிற்கின்றன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், 80-ல் போவதற்கே எட்டுக் குதிரைக்குப் பதில் பதின்மூன்று வேண்டும். கிளாசிக்கில் மிச்சம் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. முறுக்குகிறீர்கள், சத்தம் கூடுகிறது, லாரி மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. க்ரூசர்க்காரருக்குக் காற்று அடிப்பது ஹெல்மெட்டில் மட்டும்தான் தெரியும்.

ஆகவே பெரிய இன்ஜின் வாங்குவது வேகத்தை அல்ல, அவகாசத்தை. அந்த அவகாசம் 60-க்கு மேல்தான் கண்ணுக்குத் தெரியும். வடபழனியிலிருந்து கிண்டிக்குப் போய்வருபவருக்கு இரண்டு குதிரை போதுமான வேகத்தில், மிச்சம் பதினைந்தா நாற்பதா என்பது பேசிக்கொள்ளும் பெருமை மட்டுமே.

மலைக்குப் பெரிய இன்ஜின் வேண்டும் என்ற பேச்சையும் இதே தராசில் வைக்கலாம். இருவரோடு, நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் சரிவில், 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஐந்து குதிரைத்திறன் போதும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு மேல் வேகம் எங்கே போவது? மலைக்கு 650 தேவையில்லை. உண்மையில், பிறகு பார்க்கப்போவதுபோல, மலையில் அது கொஞ்சம் சங்கடமே.

ஒற்றை பிஸ்டன், இரட்டை பிஸ்டன்

கிளாசிக்கின் வட்டமும் வளைவும் இங்கிலாந்தில் 1948-ல் உருவான பழைய மாடலிலிருந்து வந்தவை. 1955-ல் ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச்சேர்ந்து திருவொற்றியூர்ப் பக்கம் புல்லட் தயாரிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் கடை மூடிய பிறகும் இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. க்ரூசர் வடிவம் அமெரிக்காவின் நீண்ட நேர்ச்சாலைகளுக்குப் பிறந்தது. இன்று இரண்டும் சென்னையை ஒட்டிய ஆலைகளிலிருந்தே வெளிவருகின்றன என்றாலும், அவற்றின் இன்ஜினில் அந்தப் பிறப்பிட வித்தியாசம் கேட்கிறது. ஆம், காதால் கேட்கிறது.

கிளாசிக்கில் ஒரே பிஸ்டன். இன்ஜின் இரண்டு முறை சுற்றினால் ஒருமுறை பெட்ரோல் வெடிக்கும். வண்டி நின்றபடி நிமிடத்துக்கு 1000 சுற்றில் இன்ஜின் ஓடும்போது, நொடிக்கு எட்டு வெடிப்புகள். நொடிக்கு இருபதைத் தாண்டினால் அடிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே தொனியாகக் காதில் விழும். எட்டு என்பதால் தனித்தனியாக எண்ணிவிடலாம் போலத் தோன்றுகிறது. அந்த ‘டக் டக்’ சத்தத்தின் ரகசியம் இதுதான், சைலன்சரின் மாயம் பிறகுதான்.

சூப்பர் மீட்டியாரில் இரண்டு பிஸ்டன்கள் பக்கம் பக்கமாக. இரண்டும் ஒரே சீரான இடைவெளியில் வெடித்தால் தையல் இயந்திரம்போல வழவழவென்று ஓடும். அப்படி வேண்டாம் என்று வேண்டுமென்றே கோணலாக அமைத்திருக்கிறார்கள். முதல் வெடிப்புக்குப் பிறகு முக்கால் சுற்றில் அடுத்தது. பிறகு ஒன்றேகால் சுற்றுக் காத்திருப்பு. ‘V’ எழுத்துபோல விரிந்த இரட்டைச் சிலிண்டர் வண்டிகளின் விந்தித் துடிக்கும் தாளம் இதனால் வந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம், பலர் எதிர்பாராதது. பெரிய இன்ஜினின் பிஸ்டன்தான் குறைந்த தூரம் பயணிக்கிறது. கிளாசிக்கில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 85.8 மில்லிமீட்டர், 650-ல் 67.8 மட்டுமே. கிளாசிக் தன் முழுத் திறனையும் தரும் 6100 சுற்றில் அதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 17 மீட்டருக்கும் மேல் பாய்கிறது. 650 தன் உச்சமான 7250 சுற்றிலும் 16 மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. 100-ல் போகும்போது சின்ன வண்டி ‘போதும்பா’ என்று கைப்பிடியிலும் கால்மிதியிலும் சொல்லத் தொடங்குவது இதனால்தான்: ஒரே பிஸ்டன், நீண்ட ஓட்டம், அடிக்கடி திசைமாற்றம். உள்ளே எதிர்ச்சுமைத் தண்டு ஒன்று சுழன்று அதிர்வைப் பெருமளவு சமன்செய்கிறது. 2021-ல் கிளாசிக்குக்கு வந்த புது இன்ஜினில் பழைய புல்லட்டின் நடுக்கம் இல்லை. இருந்தாலும் ஒற்றை பிஸ்டனின் இயல்பு முழுக்க மறைவதில்லை.

நீண்ட ஓட்டத்துக்கு ஒரு லாபமும் உண்டு. முறுக்குவிசை, அதாவது ஷோரூமில் ‘டார்க்’ என்று சொல்வது, கிளாசிக்கில் 4000 சுற்றிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அந்தச் சுற்றிலேயே 15 குதிரை கையில் இருக்கிறது. எனவே ஊருக்குள் அடிக்கடி கியர் மாற்றாமல், சோம்பலாக ஓட்டலாம். 20 குதிரையுள்ள வண்டி அதற்கும் மேலே இருப்பதுபோல் மனதுக்குத் தோன்றுவது இதனால்தான்.

வாசல் சரிவில் இயற்பியல்

திறனைப் பற்றி இவ்வளவு பேசினோம். ஆனால் வண்டியோடு நீங்கள் தினமும் சந்திக்கப்போவது திறனை அல்ல, எடையை.

மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டைத் தெருவைவிட உயர்த்திக் கட்டி, வாசலில் செங்குத்தாக ஒரு சரிவு போட்டிருப்பார்கள். ஐந்தடிக்கு ஓரடி உயரும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஓடாமல் கிளாசிக்கை அதில் தள்ளி ஏற்ற, புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் 38 கிலோவைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். க்ரூசருக்கு 47. ஒன்பது கிலோ பெரிதா என்று தோன்றலாம். ஆபீசுக்கு நேரமாகிற காலையில், சட்டை இன் பண்ணியபடி, அடுத்த வீட்டுக் கார் பாதி வழியை மறித்து நிற்கும்போது அந்த ஒன்பது கிலோ என்னவென்று தெரியும். வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கிறீர்கள் அல்லவா, அன்று இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னோக்கித் தள்ளியும் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை.

க்ரூசருக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் இருக்கை தரையிலிருந்து 740 மில்லிமீட்டர், கிளாசிக்கில் 805. ஐந்தடி நான்கங்குல உயரமுள்ளவருக்குக் கிளாசிக்கில் முன்பாதம் ஊன்றும், க்ரூசரில் முழுப் பாதமும் படியும். இருக்கை மட்டுமல்ல, வண்டியின் எடை மையமும் தாழ்ந்திருக்கிறது. வண்டி ஒரு பக்கம் சாயும்போது நம்மை இழுக்கும் விசை எடையை மட்டும் பொறுத்ததல்ல. அந்த எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. அதனால் சிக்னலில் நிற்கும்போது 241 கிலோ அவ்வளவாக மிரட்டாது. சாய்வு கைமீறிவிட்டால் கதை வேறு. அப்போது தாழ்வு கைகொடுக்காது. கீழே கிடப்பதைத் தூக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

நேர்ச்சாலையும் கொண்டை ஊசியும்

க்ரூசரின் முன்சக்கரம் ஏன் அவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறது? அழகுக்காக என்றால் பாதி உண்மை. சூப்பர் மீட்டியாரின் முன்கவட்டை செங்குத்திலிருந்து 27.6 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுக்கோட்டை அப்படியே தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு 118.5 மில்லிமீட்டர் முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்குப் பின்தொடர்வு என்று பெயர் வைக்கலாம். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம், தள்ளிய திசையில் தானாகத் திரும்பி நேராவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் சக்கரம் அச்சுக்குப் பின்னால்தான் தொடர்கிறது. பின்தொடர்வு தாராளமாக இருந்தால், சாலையின் சிறு பள்ளம் கைப்பிடியைத் திருப்ப முயன்றாலும் சக்கரம் தானே நேராகிவிடும். இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரமும் சேர்ந்துகொள்கிறது: க்ரூசரில் 1500 மில்லிமீட்டர், கிளாசிக்கில் 1390. நான்குவழிச் சாலையில் பேருந்து உரசிப்போகும் காற்றலையிலும் க்ரூசர் அசையாமல் போவது இந்தக் கூட்டணியால்.

நேராகப் போவதில் பிடிவாதமுள்ள வண்டி, திரும்புவதிலும் அதே பிடிவாதத்தைக் காட்டும். அதுவும் கொல்லிமலைபோன்ற இடத்தில் இன்னொரு தொல்லை உண்டு. வளைவில் வண்டியைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் தாழ்ந்திருக்கும் கால்மிதி தரையில் உரசும். க்ரூசரின் அடிப்பாகம் தரையிலிருந்து 135 மில்லிமீட்டர் உயரத்தில், கிளாசிக்கில் 170. எனவே க்ரூசர்க்காரர் வளைவுக்குச் சீக்கிரமாகவே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். நம் ஊர் வேகத்தடைகளையும் இங்கே நினைவில் வைப்பது நல்லது. சில ஊர்களில் அவை வேகத்தடைகளா, சிறு குன்றுகளா என்று சந்தேகம் வரும்.

உட்காரும் முறையும் இதோடு சேர்ந்ததே. கிளாசிக்கில் பாதம் இடுப்புக்குக் கிட்டத்தட்ட நேர்கீழே. பள்ளம் வருவது தெரிந்ததும் காலை ஊன்றி உடலை இம்மியளவு தூக்கிவிடலாம், அடி முழங்காலில் கரைந்துவிடும். க்ரூசரில் கால் முன்னே போய்விட்டதால் எழ முடியாது. பள்ளம் கொடுப்பதை முதுகெலும்பின் அடிநுனி வாங்கிக்கொள்ளும். நல்ல சாலையில் நான்கு மணி நேரம் சொகுசு. கெட்ட சாலையில் நாற்பது நிமிடம் தண்டனை.

என் தீர்ப்பைக் கேட்டால்: வாரத்தில் ஆறு நாள் ஊருக்குள் ஓட்டி, எப்போதாவது நெடுஞ்சாலை ஏறுபவருக்கு 350. துணையோடும் மூட்டையோடும் மாதந்தோறும் நான்குவழிச் சாலையில் போகிற, வீட்டில் சமதள நிறுத்தமுள்ளவருக்கு 650. முதல் வகையினர்தான் அதிகம். ஆனால் வாங்கும்போது எல்லோரும் தங்களை இரண்டாவது வகை என்றே நினைத்துக்கொள்கிறோம்.

டாங்கி காலியாகும் இடம்

கடைசியாக பெட்ரோல். 80 வேகத்துக்கு இரண்டு இன்ஜினுக்கும் ஏறக்குறைய எட்டுக் குதிரைதான் தேவை என்றோம். அப்படியானால் பெட்ரோலும் ஒரே அளவு செலவாக வேண்டாமா? ஆவதில்லை. 47 குதிரை தரக்கூடிய இன்ஜினிடம் எட்டை மட்டும் கேட்டால், காற்று நுழையும் வாயிலைக் கிட்டத்தட்ட மூடிவைத்துத்தான் அதைத் தர முடியும். இரண்டு பிஸ்டன்களும் அந்தக் குறுகிய இடுக்கு வழியாக மூச்சிழுக்கப் போராடுகின்றன. அந்தப் போராட்டத்துக்கும் பெட்ரோல் வேண்டும். உராயும் பாகங்களும் இரண்டு மடங்கு. அதனால் கிளாசிக் லிட்டருக்கு 35 கிலோமீட்டர் போல ஓடும் இடத்தில் 650 சுமார் 25 தருகிறது. வீணாகும் ஆற்றல் வெப்பமாகத் தொடைப்பக்கம் வருவது சித்திரை வெயிலில் அண்ணா சாலை சிக்னலில் நிற்கும்போது உறைக்கும்.

வரியும் இப்போது இன்ஜின் அளவைப் பார்க்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. கிளாசிக்கின் இன்ஜின் 349 சிசி.

இன்னொரு வேடிக்கை. நெடும்பயணத்துக்கென்றே பிறந்த க்ரூசரின் டாங்கி 15.7 லிட்டர், கிளாசிக்கினுடையது 13. மேலே சொன்ன மைலேஜால் பெருக்கினால் க்ரூசர் 390 கிலோமீட்டரிலும் கிளாசிக் 455-லும் வறண்டுபோகும். சென்னையிலிருந்து கிளம்பினால் முன்னது திருச்சியைத் தாண்டி நிற்கும், பின்னது மதுரையை முட்டும். நடைமுறையில் இரண்டு கணக்கும் சோதித்துப் பார்க்கப்படாமலே போகும். ஏனென்றால் எந்த வண்டியில் போனாலும் விக்கிரவாண்டியில் எல்லோரும் டீக்கு நிறுத்தத்தான் போகிறார்கள், எதிரிலேயே பெட்ரோல் பங்க்கும் இருக்கும்.